பிரிஞ்சாங் மழையும் ரிங்லெட் ஏரியும்

பிரிஞ்சாங் பட்டணத்தில் மாலை மழை விட்ட பிறகு கடைத்தெருவின் ஓரம் நின்று கால்வாயைப் பார்த்தால், ஓடும் நீர் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருக்கும். அங்கே கடை வைத்திருப்பவர்களுக்கு அது பழகிப்போன காட்சி. அந்த நீர் பெர்தாம் ஆற்றில் கலக்கிறது. ஆறு தானா ராத்தாவைக் கடந்து, ரோபின்சன் அருவியில் விழுந்து, ஹாபு வழியாக இறங்கி, ரிங்லெட் ஏரியை அடைகிறது. அதுவரை ஓடிவந்த நீர் அங்கே நிற்கிறது. நீர் நின்றதும் அது சுமந்து வந்த மண் அடியில் படிகிறது.

ரிங்லெட் ஏரி இயற்கை ஏரி அன்று. பெர்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கர் அணை கட்டப்பட்டதால் 1960களில் உருவான நீர்த்தேக்கம் அது. இங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நீர் பேராக் மாநிலப் பக்கம் இறங்கி, நிலத்தடியில் அமைந்த சுல்தான் யூசோப் மின் நிலையத்தில் மின்சாரம் தருகிறது. பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போக வேண்டிய மழைநீரில் ஒரு பகுதி, இப்படி மலாக்கா நீரிணைக்குப் போய்விடுகிறது!

மனிதர் கட்டிய ஏரியை ஈரநிலம் என்று சொல்லலாமா என்னும் ஐயம் எழலாம். சொல்லலாம். 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, இயற்கையாக அமைந்தவை, மனிதர் அமைத்தவை ஆகிய இரண்டையும் ஈரநிலம் என்றே வரையறுக்கிறது. சேறும் நாணலும் நிறைந்த சதுப்பு மட்டுமே ஈரநிலம் என்பது நம்மிடையே நிலவும் தவறான எண்ணம். மலேசியா அந்த உடன்படிக்கையில் இணைந்தபோது, 1994இல், முதலில் பதிவு செய்த இடம் இதே பகாங் மாநிலத்தின் தாசேக் பெரா. செமலாய் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் நன்னீர்ச் சதுப்பு அது.

பிரிஞ்சாங்கிற்கு மேலேயும் ஓர் ஈரமான உலகம் உண்டு. 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையின் உச்சிப் பகுதியில், மேகம் நாள்தோறும் வந்து தங்கும் பாசிக்காடு இருக்கிறது. மரங்கள் குட்டையானவை; கிளையும் வேரும் பாசியால் மூடப்பட்டிருக்கும். காலடியில் மட்கிய இலைகளும் வேர்களும் சேர்ந்த கரிய, மெத்தென்ற மண். பூச்சியுண்ணும் கெண்டிச் செடிகளை அங்கே காணலாம். அங்கு வளரும் ஒருவகைப் பாசி, தன் உலர்ந்த எடையைவிடப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழையையும் மேகத்தின் ஈரத்தையும் பிடித்து வைத்து, மழையில்லாத நாள்களிலும் சிற்றோடைகளுக்குச் சிறுகச் சிறுக நீரைத் தருவது இந்தக் காடுதான். இதிலிருந்து வரும் ஓடை நீர் தெளிவாகவே வருகிறது. கலங்கல் கீழே தொடங்குகிறது.

கேமரன் மலையில் 1920களின் இறுதியில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றின. காட்டை அழித்த சரிவுகளில் செடி நட்டவர்களுள் நம் முன்னோர் பலர் இருந்தனர். காடு அழிக்கப்பட்ட தொடக்க ஆண்டுகளில் மண் அரிப்பு மிகுதியாக இருந்திருக்கும். ஆனால், தேயிலைச் செடிகள் வளர்ந்து ஒன்றோடொன்று நெருங்கிய பிறகு மழைத்துளி நேராக மண்ணில் விழுவதில்லை. வேரும் பல்லாண்டுகள் மண்ணைப் பிடித்து நிற்கிறது. காய்கறிப் பயிர் அப்படியன்று. சில மாதங்களுக்கு ஒருமுறை அறுவடையாகிறது. ஒவ்வொரு முறையும் மண் கொத்தப்பட்டுத் திறந்து கிடக்கிறது. புதிய நிலத்திற்காகச் சரிவுகளை வெட்டித் தட்டையாக்குவதும், சாலை, கட்டட வேலைகளும் இன்னும் கூடுதலான மண்ணை அவிழ்த்து விடுகின்றன. இதற்காகக் காய்கறி விவசாயிகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. அவர்கள் விளைவிக்கும் கீரையையும் முட்டைக்கோசையும் தீபகற்பம் முழுவதும் உண்கிறோம்.

ரிங்லெட் ஏரிக்கு இன்னொரு சுமையும் உண்டு. மலையின் வடபகுதியில் ஓடும் தெலோம் ஆற்றின் நீரும் ஒரு சுரங்கம் வழியாக இங்கே திருப்பிவிடப்படுகிறது. ஆகவே, கம்போங் ராஜா, கோல தெர்லா பக்கத்துத் தோட்டங்களின் மண்ணும் இந்த ஒரே கிண்ணத்தில் வந்து விழுகிறது. 60 இலட்சம் கன மீட்டருக்கு மேல் நீர் கொள்ளும்படி அமைக்கப்பட்ட ஏரியின் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதியை மண் பிடித்துக்கொண்டது.

ஏரியில் மண் இருந்தால் என்ன? மின் உற்பத்தி சற்றுக் குறையும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், நள்ளிரவு கழிந்த வேளையில் அதற்கு விடை கிடைத்தது. கனமழையால் ஏரி நிரம்பியது. பெரு மழையை வாங்கி வைத்துக்கொள்ள இடமில்லை. அணையின் பாதுகாப்புக் கருதி நீர் திறந்துவிடப்பட்டது. அணைக்குக் கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில், ஆற்றோரமாக வீடு கட்டி வாழ்ந்த மக்களின் குடியிருப்பைச் சேற்று வெள்ளம் அடித்துச் சென்றது. வீடுகளும் வாகனங்களும் மட்டுமல்ல, உயிர்களும் போயின. அணைக்குக் கீழே ஆற்றின் வழியும் குறுகியிருந்தது. ஆற்றுக்கென ஒதுக்கிய நிலத்தில் குடியிருப்பும் பயிரும் நெருங்கி வந்திருந்தன.

இப்படிப்பட்ட ஏரியையும் ஆற்றையும் எவ்வாறு கண்காணிப்பது? நம் நாட்டில் சுற்றுச்சூழல் துறை ஆற்று நீரின் தரத்தை 100 புள்ளிக்கு மதிப்பிடுகிறது. நீரில் கரைந்துள்ள உயிர்வளி, உயிர்வளித் தேவையைக் காட்டும் இரண்டு அளவுகள், அமோனியா நைட்ரஜன், நீரில் மிதக்கும் மண் துகள், அமில காரத்தன்மை ஆகிய ஆறும் கணக்கில் சேரும். 81க்கு மேல் பெற்றால் தூய்மையான ஆறு. 60க்குக் கீழ் போனால் மாசடைந்த ஆறு. இந்த முறை நாடு முழுவதற்கும் பயன்படுவது, நல்ல முறைதான். ஆனால், மலை ஆறுகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மண் துகளுக்குரிய பங்கு 100இல் 16 மட்டுமே. மற்ற ஐந்தும் முழுப் புள்ளி பெற்று, மண் துகளுக்குச் சுழியம் கிடைத்தாலும் மொத்தம் 84 வரும். குளிர்ந்த நீர், பாறைகளில் மோதிக் குதித்து ஓடும் கேமரன் மலையில் உயிர்வளிக்குக் குறைவிருக்காது. ஆகவே, கண்ணுக்குச் சேறாகத் தெரியும் ஆறுகூட ஏட்டில் தூய்மையான ஆறு என்று பெயர் வாங்கக்கூடும்.

நீரை எடுக்கும் நேரமும் முக்கியம். வெயில் நாளின் காலையில் எடுத்த நீர் தெளிவாக இருக்கும். ஓர் ஆண்டின் மண்ணில் பெரும் பங்கு, சில கனமழை நாள்களின் சில மணி நேரங்களில் வந்துவிடுகிறது. அதனால், மழையின்போதும் அளக்க வேண்டும். ஏரியின் அடிமட்டத்தை ஒலிக்கருவி கொண்டு அளந்து, மண் எவ்வளவு ஏறியது என்பதையும் ஆண்டுதோறும் ஒப்பிட வேண்டும். விலையுயர்ந்த கருவி இல்லாத மாணவர்களும் இதில் பங்கு பெறலாம். ஓடையின் கல்லைப் புரட்டிப் பார்த்தால், அடியில் ஒட்டி வாழும் சில பூச்சிகளின் இளம் பருவங்களைக் காணலாம். கற்களின் இடுக்கை மண் அடைத்துவிட்ட ஓடையில் அவை அருகிவிடும். இன்று காலை நீர் எப்படி இருந்தது என்பதைக் குப்பி நீர் சொல்லும். கடந்த சில மாதங்கள் எப்படி இருந்தன என்பதை அந்தப் பூச்சிகள் சொல்லும்.

சீரமைப்பு என்றதும் தூர்வாரும் இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது. ரிங்லெட்டில் தூர்வாரும் பணி பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. அள்ளிய சேற்றை எங்கே கொட்டுவது என்பதே பெரும் கேள்வி. குறுகிய பள்ளத்தாக்கில் சமநிலம் அரிது. சரிவில் கொட்டினால் அடுத்த மழையில் அது மீண்டும் ஏரிக்கே திரும்பிவிடும். தூர்வாருவது தேவையே. ஆயினும், மேலே குழாயை மூடாமல் கீழே வாளியை மட்டும் காலி செய்துகொண்டிருப்பது போன்றது அது. பயிர் நிலத்தின் கீழ் ஓரத்தில் மண்ணைத் தேக்கும் சிறு குழி, படிக்கட்டு வரப்பு, அறுவடைக்குப் பின் திறந்த மண்ணை மூடும் புல் அல்லது வைக்கோல், ஆற்றின் இரு கரையிலும் கொத்தாமல் விட்ட பசுமைப் பட்டை ஆகியவை அத்தனை கவர்ச்சியான வேலைகள் அல்ல. இருந்தாலும், ஒரு கூடை மண்ணை அது புறப்பட்ட இடத்திலேயே நிறுத்துவது, ஏரியின் அடியிலிருந்து அள்ளுவதைவிட எளிது.

மலைச்சரிவில் மரம் நடுவதும் அப்படியே. ரீச் என்னும் உள்ளூர்த் தன்னார்வ அமைப்பு 2000களின் தொடக்கத்திலிருந்து கேமரன் மலையின் காட்டுக்காகவும் ஆறுகளுக்காகவும் குரல் கொடுத்து வருகிறது. அழிந்த காட்டுப் பகுதிகளில் மரக்கன்றுகளையும் நட்டு வருகிறது. குளிர்ந்த மலையில் மரம் மெதுவாகத்தான் வளரும். கன்று மரமாகிவிடலாம், கிளையில் பாசி போர்த்தி, காலடியில் அந்தக் கரிய மெத்தை உருவாக ஒரு மனித ஆயுள் போதாது. அதனால்தான் மலை உச்சிக்கு ஏறும் சாலையோரம் பாசியைக் கையால் பிய்த்து எடுப்பவர்களைக் கண்டால் வழிகாட்டிகள் சினம் கொள்கிறார்கள்.

கேமரன் மலையில் அக்டோபரும் நவம்பரும் மழை மிகுந்த மாதங்கள். அப்போது பிரிஞ்சாங் கால்வாயில் பழுப்பு நீர் ஓடும். சில மணி நேரத்தில் அது ஹாபுவைத் தாண்டியிருக்கும். ரிங்லெட்டில் தூர்வாரும் இயந்திரம் மறுநாள் காலையும் வேலையைத் தொடங்கும்.