வாழ்க்கை வரலாறுகளைக் கூடிக் கற்றல்

நமது நூல்நிலையத்தில் வாழ்க்கை வரலாறுகளையும் தன்வரலாறுகளையும் கூடிக் கற்று ஆராய்ந்து வருகின்றோம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டவை டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் இயற்றிய இரு நூல்கள்: ஒன்று, தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரம், மற்றொன்று, ‘என் சரித்திரம்’.

பிள்ளையவர்கள் மறைந்தது 1876-இல். அவர்கள் சரித்திரம் இரு பாகங்களாக வெளிவந்தது 1933, 1934-ஆம் ஆண்டுகளில். அரை நூற்றாண்டு கழித்து அன்புமிக்க மாணாக்கர் எழுதியதை எங்ஙனம் நம்புவது என்னும் ஐயம் நம்முள் எழுந்தது. அன்பு குறைகளை மறைக்கும் என்றனர் சிலர்; அன்பே அணுகி நோக்கச் செய்யும் என்றனர் வேறு சிலர்.

‘என் சரித்திரம்’ நமக்கு வழி காட்டிற்று. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரவர்கள், ஐயரவர்கள் கற்ற பிரபந்தங்களையும் புராணங்களையும் கேட்டு வியவாது, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினவினார். ஐயரவர்கள் படித்ததில்லை. அதனை அவர் மறையாது எழுதியுள்ளார். பின்னர்ச் சைனர்பால் பொருள் கேட்டுத் தெளிந்ததையும் எழுதியுள்ளார். 1887-இல் அந்நூலைப் பதிப்பித்து வெளியிட்டார்.

தம் அறியாமையை ஒளியாதவர் பிறர் பெருமையை உரைக்கும்போது அவ்வுரை வலிமை பெறுகின்றது. ஐயம் முற்றும் நீங்கிற்றில்லை. எனினும் அளவுகோல் ஒன்று கிடைத்தது. தன்வரலாறு எதனைக் கற்பினும், ஆசிரியர் தமக்கு எதிராகக் கூறும் சான்றினை முதற்கண் தேடுவோமாக.