பிந்திய நடையும் பிந்நாள் வளர்ச்சியும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் குழந்தையின் வளர்ச்சியைத் திங்கள்தோறும் நோக்கி இன்புற்றனர். ஐந்தாந் திங்களிற் செங்கீரை, ஒன்பதாந் திங்களிற் சப்பாணி, ஓராண்டளவில் வருகை எனப் பருவங்களை முறைப்படுத்தினர். எல்லாக் குழந்தைகளும் இக்கணக்கிற்கு அமைவரோ? டவுன் சிண்ட்ரோம் என்னும் இயல்போடு பிறப்போர் பெரும்பாலும் அமையார். அவர்தம் வளர்ச்சியைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வியல்பை ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் 1866ஆம் ஆண்டில் விரித்தெழுதினார். 21ஆம் குரோமோசோம் இரண்டாக இராது மூன்றாக இருத்தலே இதன் காரணம் என்பது 1959இல் வெளியாயிற்று. தசைகள் தளர்ந்திருத்தலின் இக்குழந்தைகட்குத் தலை நிற்றல், உட்காருதல், நடத்தல் ஆகியன பிந்துகின்றன. ஏனையோர் ஓராண்டையொட்டி நடக்க, இவர்களுட் பலர் 2 ஆண்டளவில் நடப்பர். சிலர்க்கு 3 ஆண்டும், 4 ஆண்டும் ஆகும். பேச்சும் பிந்தும். ஆயினும் பேசாமை அறியாமை அன்று. பிறர் சொல்வதை உணரும் ஆற்றல், தாம் சொல்லும் ஆற்றலினும் முந்திச் செல்லும். செவிக்குறை பலர்க்கு உண்டாதலின், அதனை இளமையிலேயே சோதித்தறிதல் வேண்டும். காதாற் கேட்பதினும் கண்ணாற் காண்பதை இவர்கள் எளிதிற் பற்றுவர்.

தொடக்கத்தின் தாழ்வை முடிவாகக் கொண்டமையால் விளைந்த தீங்கு பெரிது. இங்கிலாந்தில் இவர்களுட் பலர் கல்விக்குத் தகுதியற்றோர் என ஒதுக்கப்பட்டனர். 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1971இல் நடைமுறைக்கு வந்தபின்னரே எல்லாக் குழந்தைகட்கும் பள்ளியுரிமை கிடைத்தது. கதவு திறந்தபின் நிகழ்ந்தது யாது? போர்ட்ஸ்மத் நகரில் 1980 முதல் ஆராய்ந்த உளநூலறிஞர் சூ பக்லி, பேச்சு முதிருமுன்னரே சில குழந்தைகள் எழுதிய சொற்களைப் படிக்கக் கற்பதையும், அப்படிப்பே பேச்சுக்கு ஊன்றுகோலாவதையும் கண்டார். ஸ்பெயின் நாட்டுப் பாப்லோ பினேடா பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றார்.

எல்லாரும் அந்நிலை எய்துவர் என்பது நம் கருத்தன்று. ஒருவர்க்கொருவர் வேற்றுமை மிகுதி. வாழ்நாள் முழுதும் துணை வேண்டுவாரும் உளர். ஆயினும் இளமை கடந்த பின்னும் இவர்கள் புதியன கற்கின்றனர். ஆதலின், இரண்டாம் ஆண்டில் நடவாத குழந்தையைக் கண்டு இருபதாம் ஆண்டின் நிலையை அறுதியிடுதல் தகாது. வருகைப் பருவத்தில் தாய் குழந்தையை 'வருக' என அழைக்கின்றாள். அது வரும்வரை அழைக்கின்றாள். அவ்வழைப்பை இடையில் நிறுத்தாதிருத்தலே பெற்றோர்க்கும், ஆசிரியர்க்கும், நமக்கும் கடனாகும்.