தெருவில் வேகத்தைக் குறைக்க யாரைக் கேட்பது?

நியூயார்க் எவ்வளவு பெரிய நகரம்! ஆனா தன் தெருவில் வண்டி எவ்வளவு வேகம் போகலாம்னு அது தானாக முடிவு செய்ய முடியாது. மாநிலச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும். அதனால் மாநகராட்சி தன் முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியல் போட்டு, தலைநகர் ஆல்பனியில் உள்ள சட்டமன்றத்திடம் கேட்கும்.

2013-இல் புரூக்ளினில் சம்மி என்ற 12 வயதுச் சிறுவன் வேன் மோதி இறந்தான். 2014-இல் மாநில அனுமதியோடு வேக வரம்பு மணிக்கு 30 மைலிலிருந்து 25 ஆனது. இது போதாதுன்னு அவன் அம்மாவும் மற்ற குடும்பங்களும் ஆல்பனிக்கு நடையாய் நடந்தார்கள். மாநகராட்சியும் கேட்டது. 2024-இல்தான் 'சம்மி சட்டம்' வந்தது. இனி பல தெருக்களில் 20 மைலாக, அதாவது சுமார் 32 கிலோமீட்டராகக் குறைக்கலாம்.

11 வருஷம்! கோரிக்கைப் பட்டியலில் உயிர் காக்கும் வேலையை முதலில் எழுதணும், கிடைக்கும்வரை கேட்கணும். இதுவே நான் படித்த பாடம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி