உயிரியல் போர்க் காரணிகளும் கண்டறிதலின் சிக்கலும்: அந்தமான் தரும் பாடம்

வெடிகுண்டு விழுந்த இடமும் நேரமும் உடனே தெரிந்துவிடும். நோய்க்கிருமி அவ்வாறன்று. அதற்கு ஓசையில்லை, மணமில்லை. உடலுள் புகுந்த பின்னரும் நோய் அரும்பச் சில நாட்களோ வாரங்களோ ஆகின்றன. முதல் நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது காரணி பரவிய நாள் கடந்துபோயிருக்கும். உயிரியல் போர்க் காரணிகளைக் கண்டறிவதிலுள்ள அடிப்படைச் சிக்கல் இதுவேயாகும்.

உடன்படிக்கையும் அதன் குறையும்

1925ஆம் ஆண்டின் ஜெனிவா நெறிமுறை இத்தகைய ஆயுதங்களைப் போரில் பயன்படுத்துவதைத் தடை செய்தது. 1972இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட உடன்படிக்கை, அவற்றை உருவாக்குவதையும் சேமித்து வைப்பதையும் தடுத்தது. 1975 மார்ச் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1974இல் இதனை உறுதி செய்தது. எனினும், சோதித்துச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் இதில் இல்லை. அதற்கென நடந்த பேச்சுவார்த்தைகள் 2001இல் முறிந்தன. தடுப்பூசி தயாரிக்கும் கலமும் கருவியும் தீய நோக்கத்திற்கும் பயன்படக் கூடியவை என்பதால் சோதனை எளிதன்று. ஆகவே, கண்டறியும் பொறுப்பு இறுதியில் ஒவ்வொரு நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பையே சார்கிறது.

திக்லிபூரில் நிகழ்ந்தது

அந்த அமைப்பின் வலிமையை அளந்தறிய வட அந்தமான் தக்க சான்றாகும். 1988 முதல் திக்லிபூர்ப் பகுதியில், மழைக்காலத்தை ஒட்டி, காய்ச்சலுடன் இரத்தம் இருமி மக்கள் மாண்டனர். காரணம் புலப்படாமையால் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்ற பெயர் மட்டுமே நிலைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1983இல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நிறுவிய வட்டார ஆராய்ச்சி மையத்தினர், 1993இல் பரவிய நோயை ஆராய்ந்து அது எலிக்காய்ச்சலே எனக் காட்டினர்.

இங்குப் பகைவர் எவருமில்லை. எலி, கால்நடை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த வயற்சேறே நோயின் வழி. இத்தீவுகளில் இந்நோய் உண்டென்பது 1920களின் இறுதியிலேயே பதிவாகியிருந்தது. ஆயினும், மஞ்சட்காமாலையே எலிக்காய்ச்சலின் அடையாளம் எனக் கருதப்பட்டு வந்த நிலையில், இங்கு நுரையீரல் இரத்தக்கசிவு முன்னின்றமையால் ஐயம் அத்திசையில் செல்லவில்லை. இயற்கையான, முன்பே அறியப்பட்ட ஒரு நோயை இனங்காணவே ஐந்து ஆண்டுகள் ஆயின. வேண்டுமென்றே பரப்பப்படும் அரிய கிருமியை எத்தனை நாளில் இனங்காண்போம் என்ற வினா இங்கு எழுகிறது.

இருவகைப் பிழைகள்

தாக்குதலை இயற்கை நோயென எண்ணுவது ஒரு பிழை. 1984இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு சமயக் குழுவினர் உணவகங்களில் சால்மொனெல்லா கிருமியைக் கலந்தனர். 751 பேர் நோயுற்றனர். சமையற் பணியாளரின் தூய்மைக் குறைவே காரணமென முதலில் கருதப்பட்டது. உண்மை மறு ஆண்டுதான் வெளிவந்தது. 1979இல் சோவியத் நாட்டின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் இராணுவக் கூடத்திலிருந்து கசிந்த ஆந்த்ராக்ஸ் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கெட்ட இறைச்சியே காரணம் என்ற விளக்கம் 1992 வரை நீடித்தது.

இயற்கை நோயைத் தாக்குதலென ஐயுறுவது மற்றொரு பிழை. 1994இல் சூரத்தில் பிளேக் பரவியபோது இத்தகைய வதந்திகள் உலவின. இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர்; வாணிகமும் விமானப் போக்குவரத்தும் பாதிக்கப்பட்டன. அச்சம் விளைத்த பொருளாதார இழப்பு நோயின் அளவிற்கு மிஞ்சியதாகும்.

செய்யத்தக்கது

காற்றில் கிருமியை உணரும் கருவிகள் உள்ளன. ஆனால் காற்றிலும் மண்ணிலும் இயல்பாகவே எண்ணற்ற நுண்ணுயிர்கள் இருப்பதால் பொய் எச்சரிக்கைகள் நேர்கின்றன. குருதியில் எதிர்ப்பொருள் தோன்றவோ ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. எனவே கருவியை மட்டும் நம்பியிருத்தல் இயலாது.

தாக்குதலுக்கென்றே வாங்கப்படும் கருவி பல்லாண்டு வாளாவிருக்கலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்தின் நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற ஆய்வாளரும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பயன் தருவர். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் அடிப்படையும் இதுவே. வழக்கத்திற்கு மாறான ஒரு காய்ச்சலைக் கண்ட சிற்றூர்ச் செவிலியர் அன்றே அறிக்கை அனுப்புவதும், மாவட்ட அலுவலர் அதனைக் கோப்பில் உறங்கவிடாது மாதிரியை ஆய்வகத்திற்கு அனுப்புவதுமே நாட்டின் முதல் அரண். நோயை விரைந்து இனங்காணும் நாடே அது இயற்கையா, சூழ்ச்சியா என்பதையும் தெளிந்துரைக்க வல்லது.