அரசாங்க உத்தரவும் நமது நூல்நிலையமும்

நெசவாளருக்குத் தறியும், விவசாயிக்கு நீரும் எவ்வளவு அவசியமோ, தம்மைப் பற்றிய அரசாங்க உத்தரவுகளை அறிவதும் அவ்வளவு அவசியம். உத்தரவைக் கண்ணால் காணாதவர் பிறர் வாய்ச்சொல்லையே நம்ப நேரிடும்.

ஓர் உதாரணம் காண்போம். சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1986-ஆம் ஆண்டு உத்தரவில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. ஒதுக்கிய வகையை விசைத்தறியில் நெய்கிறார்கள் என்று ஒரு சங்கம் முறையிட வேண்டுமாயின், இன்றைய உத்தரவு கையில் இருக்க வேண்டும். நாம் இழந்தவை எவை என்று அறியவோ, பழைய உத்தரவும் வேண்டும். பழையதைக் குப்பையில் போட்டுவிட்டால், இழப்பை எடுத்துக்காட்டச் சான்று ஏது?

ஆகையால் இவை பொது நூல்நிலையத்தில் பத்திரமாயிருத்தல் வேண்டும். புதுச்சேரிப் பொது நூல்நிலையம் 1827-இல் பிரெஞ்சு ஆட்சியில் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் ஐரோப்பியருக்கே திறந்திருந்த அதன் கதவு, 1837 முதல் எல்லோருக்கும் திறந்தது. இன்று ரொமேன் ரோலந்து நூலகம் என்னும் பெயருடன் அது நம்மிடையே விளங்குகிறது.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. நூல் வழங்கல் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியாகும் நூல்களின் பிரதிகள் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குச் சேர வேண்டும். அலுவலக உபயோகத்திற்கு மட்டுமானவை நீங்கலாக, அரசாங்கப் பிரசுரங்களுக்கும் இது பொருந்தும். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, கேளாமலே பல விவரங்களை வெளியிடுமாறு அலுவலகங்களைப் பணிக்கிறது. வெளியிடுகையில் வட்டார மொழியைக் கருத்திற் கொள்ளவும் சொல்கிறது.

2015 அக்டோபர் முதல் மத்திய அரசிதழ் காகிதத்தில் அச்சாவதில்லை. கணினி வழியே வெளியாகிறது. வீட்டிலிருந்தே காணலாம் என்பது நன்மையே. ஆயினும், கணினி பழகாத முதிய நெசவாளருக்கு அதை எடுத்துக் காட்ட ஒருவர் வேண்டும். தளம் மாறினாலும் அழியாத பிரதியும் வேண்டும். இவ்விரண்டையும் தரத் தக்க இடம் நூல்நிலையமே.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை மூன்று. நம் தொழிலைப் பற்றிய உத்தரவுகளைத் தேதிவாரியாகக் கோத்துச் சங்கத்தில் வைப்போம். நூல்நிலையத்திற்குச் சென்று அரசிதழைக் கேட்டு வாசிப்போம். கேட்பாரற்ற ஏடுதான் முதலில் மறைகிறது. அங்கு இல்லாததை வாங்கி வைக்குமாறு சங்கத்தின் பெயரால் எழுதுவோம்.