ஆபீஸ் டூரில் தனி ரூமா, ஷேரிங்கா? தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

ஏப்ரல் வந்தால் வங்கிக் கிளைத் தணிக்கைக்கு ஆடிட்டர் ஆபீஸ்களிலிருந்து பயிற்சி மாணவர்கள் ஊர் ஊராகக் கிளம்புவார்கள். கோவை கொடீசியாவிலோ சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலோ கண்காட்சி என்றால், ஸ்டால் போடும் கம்பெனி ஆட்கள் முந்தின நாளே வந்து இறங்கிவிடுவார்கள். இப்படிப் போகிறவர்களில் பலருக்குப் பயண டிக்கெட்டோடு இன்னொரு செய்தியும் வரும்: "ரெண்டு பேருக்கு ஒரு ரூம்."

பிடித்தவர்கள் விரும்பிச் சேர்ந்து தங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை. புது ஊரில் பேச்சுத் துணை என்பதே பலருக்குத் தெம்பு. ஆனால் தூக்கம், குளியல், மாத்திரை, தொழுகை, வீட்டாரோடு பேசும் போன் எல்லாம் அந்த நான்கு சுவருக்குள்தான் நடக்கின்றன. அதனால் அங்கே படுக்கப்போகிறவரைக் கேட்காமல் யாரும் முடிவு செய்யக் கூடாது. எந்த ஏற்பாடு எப்போது பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12 சதவீதமாக இருந்தது. ஒருவர் தங்க 2,000 ரூபாய், இருவர் தங்க 2,500 ரூபாய் என்று ஒரு ஹோட்டல் வைத்துக்கொள்வோம். இரண்டு தனி அறைகளுக்கு வரியோடு 4,200 ரூபாய் ஆகும். ஒரே அறையில் இருவர் என்றால் 2,625 ரூபாய். கம்பெனிக்கு ஓர் இரவுக்கு மிச்சம் 1,575 ரூபாய், அதாவது ஆளுக்கு 800 ரூபாய்க்கும் குறைவு. மறுநாள் ஒப்பந்தம் பேசப் போகிறவர் கண் எரிய உட்கார்ந்திருந்தால், அந்த 800 ரூபாய் எந்த மூலைக்கு?

பணமே இல்லாத இடங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. 2017 ஜூலையில் வந்த மத்திய அரசின் பயணப்படி ஆணை, சம்பள நிலை 9 முதல் 11 வரை உள்ளவர்களுக்கு விடுதி வாடகை வரம்பாக நாளுக்கு 2,250 ரூபாய் வைத்தது. 6 முதல் 8 வரை உள்ளவர்களுக்கு அதில் 750 ரூபாயாகத்தான் இருந்தது. இவ்வளவு சிறிய வரம்பில் பெரிய நகரத்தில் சுத்தமான தனி அறை கிடைப்பது கடினம். இருவர் தொகையையும் சேர்த்தால்தான் சுமாரான அறையாவது அமையும். இப்படி வரம்பே கையைக் கட்டும்போது ஷேரிங் ஒரு நியாயமான வழி. வரம்பு இடம் கொடுத்தும் மிச்சம் பிடிப்பதற்காகத் திணிப்பது வேறு கதை.

இருக்கும் வழிகள்

தனி அறை: மறுநாள் முக்கியமான வேலை இருப்பவர்களுக்கு, இரவு லேட்டாக வந்து சேர்பவர்களுக்கு, உடல்நலக் காரணம் உள்ளவர்களுக்கு இதுதான் சரி. பட்ஜெட் இடிக்கிறது என்றால், பெரிய ஹோட்டலில் பாதி அறையைவிடச் சின்ன ஹோட்டலில் முழு அறை மேல்.

இருவர் அறை: ஒன்றிரண்டு இரவு, ஏறக்குறைய ஒரே வயது, ஒரே பதவி, இருவருக்கும் சம்மதம் என்றால் தாராளமாக எடுக்கலாம். முன்பதிவு செய்யும்போது 'ட்வின் பெட்' என்றே கேட்டு எழுதி வாங்குங்கள். 'டபுள்' என்றால் ஒரே பெரிய கட்டில்தான் கிடைக்கும். ட்வின் என்று சொன்ன இடத்திலும் இரண்டு கட்டிலை ஒட்டிப் போட்டு, ஒரே விரிப்பும் ஒரே போர்வையுமாக வைத்திருப்பார்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே ஹவுஸ்கீப்பிங்கைக் கூப்பிட்டுக் கட்டிலைப் பிரித்துப் போடச் சொல்லி, இன்னொரு போர்வையும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆளுக்கு 'எக்ஸ்ட்ரா பெட்' என்பது பல இடங்களில் தரையில் விரிக்கும் மெத்தைதான். அதை ஏற்க வேண்டாம்.

சர்வீஸ் அபார்ட்மென்ட்: மூன்று நாளுக்கு மேல் தங்கும் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆளுக்கொரு படுக்கையறை, நடுவில் ஹால், சமைக்க அடுப்பு. மூன்று படுக்கையறை வீடு நாளுக்கு 6,000 ரூபாய் என்றால், வரியோடு ஆளுக்கு 2,100 ரூபாய். மேலே சொன்ன தனி அறைக்கும் அதே தொகைதான். கதவைச் சாத்திக்கொள்ளவும் முடியும், சேர்ந்து சாப்பிடவும் முடியும். குளியலறை எத்தனை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்: வீட்டுச் சாப்பாடு கிடைக்கும், செலவு குறைவு. ஆனால் நீங்கள் தனியாகப் படுத்த அறைக்கு நடு இரவில் இன்னொருவர் வந்து சேரலாம். அன்றைக்கு வேறு யார் வருகிறார்கள் என்று பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தங்காமலே திரும்புவது: ஒரு நாள் வேலைக்குச் சென்னையிலிருந்து கோவைக்கு சேரன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, வேலையை முடித்து மறுநாள் இரவே திரும்புகிறவர்கள் உண்டு. ரயிலில் தூக்கம் வருகிறவர்களுக்கு ஒத்துவரும். ஆனால் திரும்பி வந்த காலையிலேயே ஆபீஸுக்கு வரச் சொன்னால் இதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

யாரோடு தங்கவே கூடாது

மேலதிகாரியும் அவருக்குக் கீழ் வேலை செய்பவரும் ஒரே அறையில் தங்க வேண்டாம். இருவரும் நல்லவர்களாகவே இருக்கட்டும், கீழே இருப்பவர் அந்த அறையில் கால் நீட்டிப் படுக்க மாட்டார். "சார் தூங்கட்டும்" என்று விளக்கை அணைத்துவிட்டு போன் வெளிச்சத்தில் அறிக்கை எழுதிக்கொண்டிருப்பார். ஆடிட்டர் ஆபீஸ்களில் இது வழக்கமாகிவிட்டது. சீனியர்கள்தான் இதை மாற்ற வேண்டும்.

ஆணையும் பெண்ணையும் ஆபீஸ் ஒரே அறையில் போடவே கூடாது. ஒரு குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தால், தனி அறை அவருக்குக் காட்டும் சலுகை ஆகாது, அடிப்படை ஏற்பாடு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம், வேலை நிமித்தம் செல்லும் இடத்தையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. டூரில் நடந்ததற்கும் மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் அதற்கான உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும்.

டிரைவரையும் மறக்காதீர்கள். எல்லோருக்கும் அறை போட்டுவிட்டு, கார் ஓட்டி வந்தவரை சீட்டைச் சாய்த்துப் படுக்கச் சொல்வது நியாயமே இல்லை. மறுநாள் உங்கள் எல்லோர் உயிரும் அவர் கையில் இருக்கிறது. ஓட்டல்களும் லாட்ஜுகளும் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குத் தங்கும் கூடமும் கழிப்பறையும் வைக்க வேண்டும் என்று தமிழக அரசு 2023-இல் கட்டட விதிகளையே திருத்தியது. முன்பதிவின்போதே கேளுங்கள். கூடம் இல்லையென்றால் அவருக்கும் ஓர் அறை போடுங்கள்.

வேண்டாம் என்று சொல்வது எப்படி

டிக்கெட் போடும் முன்பே, எழுத்தில், சுருக்கமாகச் சொல்லுங்கள். காரணத்தை விளக்கியே ஆக வேண்டும் என்றில்லை. இப்படி ஒரு மெசேஜ் போதும்: "மேடம், கோயம்புத்தூர் டூருக்கு எனக்குத் தனி ரூம் வேணும். பட்ஜெட் இடிச்சா கொஞ்சம் சின்ன ஹோட்டலா இருந்தாலும் பரவாயில்லை." மாற்று வழியையும் சேர்த்துச் சொல்லும்போது கேட்பவருக்கு மறுக்க மனம் வராது. மூச்சுக் கருவி வைத்துத் தூங்குகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், தாய்ப்பால் எடுத்துவைக்க வேண்டியவர்கள் தயங்கவே வேண்டாம்.

ஹெச்ஆரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஷேரிங் ஓகேதானே?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தனித்தனியாகக் கேளுங்கள். மறுத்தவர் பெயர் வெளியே வர வேண்டாம். கண்காட்சி நாட்களிலும் முகூர்த்த நாட்களிலும் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். கடைசி நேரத்தில் தேடிவிட்டு "ஒரு ரூம்தான் கிடைச்சுது" என்று சொல்லும்படி ஆகக் கூடாது.

சேர்ந்து தங்குவதாக முடிவானால்

குளியலறையைப் பற்றி முதலில் விசாரியுங்கள். புது ஹோட்டல்கள் சிலவற்றில் குளியலறைச் சுவர் கண்ணாடியில் இருக்கும். அதை மறைக்கும் திரையின் கயிறு அறைப் பக்கம் தொங்கும். இருவர் தங்குவதற்கு அது ஆகாது. சாவி அட்டை இரண்டு வாங்குங்கள். ஒருவர் அட்டையை உருவிக்கொண்டு கீழே போனால், உள்ளே இருப்பவருக்கு விளக்கும் ஏசியும் நின்றுவிடும். ரிசப்ஷனில் ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். பில்லில் இருவர் பெயரும் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒருவருடைய படி சிக்கிக்கொள்ளும்.

பிறகு உங்களுக்குள் நான்கு விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: யார் முதலில் குளிப்பது, எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது, ஏசி எத்தனை டிகிரி, போனை எங்கே பேசுவது. ஏசியில் 24-இல் தொடங்கினால் இருவருக்கும் அநேகமாக ஒத்துவரும். குறட்டை விடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மற்றவர் காதடைப்பான் எடுத்து வருவார். அறையில் கேட்டதும் பார்த்ததும் ஆபீஸ் கேன்டீனுக்கு வரக் கூடாது. மாத்திரைப் பட்டையும் வீட்டுச் சண்டையும் அவரவர் சொந்த விஷயம்.

முடிவாக

ஒன்றிரண்டு இரவு, சம பதவி, இருவருக்கும் மனமுவந்த சம்மதம் என்றால் ட்வின் பெட். மூன்று நாளுக்கு மேல் குழுவாக என்றால் சர்வீஸ் அபார்ட்மென்ட். மற்ற எல்லாவற்றுக்கும், சின்ன ஹோட்டலாக இருந்தாலும், தனி அறை. எது என்று தெரியாமல் தயங்கினால் தனி அறையையே கேளுங்கள். முதல் ஆள் கேட்கும்போதுதான், கேட்கத் தயங்கி நிற்கும் அடுத்த ஆளுக்கும் அது கிடைக்கத் தொடங்கும்.