நயினார் என்னும் பட்டப்பெயர்: தோற்றமும் பரவலும்

தமிழ்ச் சமணர் இல்லங்களில் உள்ள பழைய கிரயப் பத்திரங்களையும் பட்டாக்களையும் பார்ப்போமாயின், பாட்டனார், பூட்டனார் பெயர்களின் இறுதியில் 'நயினார்' என்னும் சொல் நிற்பதைக் காணலாம். அவ்வில்லங்களில் இன்று பிறக்கும் குழந்தைகளின் பெயர்களிலோ அச்சொல்லைப் பெரும்பாலும் காண்பதற்கில்லை. மூன்று நான்கு தலைமுறைகளுக்குள் இம்மாற்றம் நிகழ்ந்துள்ளது. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள், "குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் எதை எழுதுவது?" என்று பெரியவர்களைக் கேட்கின்றனர். "நயினார் என்றாலே சமணர்தாமா?" என்னும் வினாவும் அதனுடன் எழுகிறது. இவ்விரண்டுக்கும் விடை காணும் பொருட்டு, அப்பெயரின் வரலாற்றையும் அது வழங்கும் இடங்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சொல்லின் பொருள்

'நாயன்' என்னும் சொல்லுக்குத் தலைவன், இறைவன் என்பது பொருள். தந்தையார், தாயார் என்பவற்றில் உள்ள 'ஆர்' என்னும் மரியாதை விகுதி சேர்ந்து அது 'நாயனார்' ஆயிற்று. அதுவே பேச்சு வழக்கில் குறுகி 'நயினார்' என நின்றது. தெலுங்கில் தந்தையை 'நாயனா' என்று அழைப்பர். சென்னைப் பேச்சில் வழங்கும் 'நைனா' என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆகவே, இச்சொல்லின் அடிப்படையில் தொழிலோ, குலமோ, ஊரோ இல்லை. மரியாதை ஒன்றே உள்ளது.

மரியாதைச் சொல்லாக இருந்தமையால் இது பல சமயத்தாருக்கும் பொதுவாயிற்று. சைவர் தம் அடியார் அறுபத்து மூவரை நாயன்மார் என்றனர். பிற்காலச் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் சிவபெருமானே 'நாயனார்' எனக் குறிக்கப்படுகிறார். வைணவ ஆசாரியர்களுள் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் என்பார் ஒருவர். 'ஆசார்ய ஹ்ருதயம்' அவர் இயற்றிய நூல். திருக்குறள் ஆசிரியரைத் திருவள்ளுவ நாயனார் என்று வழங்கியதும் இம்முறைபற்றியே. இங்ஙனம் எல்லாச் சமயத்தாரும் தாம் மதித்தோர்க்குச் சூட்டிய சொல், ஆர்க்காட்டுப் பகுதியில் நம் முன்னோரின் பெயரோடு ஒட்டி, தந்தைக்குப்பின் மகனுக்கு வரும் பட்டப்பெயராக நிலைத்தது.

சமணருள் வழங்கும் இடங்கள்

பழைய வடார்க்காடு, தென்னார்க்காடு மாவட்டங்களே இப்பட்டத்தின் தாயகம் எனலாம். வந்தவாசி, ஆரணி, செய்யாறு, போளூர் வட்டாரங்களில் பொன்னூர், திருமலை, பூண்டி, கரந்தை, திருப்பனமூர் முதலிய ஊர்களும், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் மேல்சித்தாமூர், பெருமண்டூர், வீடூர், தாயனூர் முதலிய ஊர்களும் நம் குடும்பங்களின் பூர்வீக ஊர்களாகும். உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த திருநறுங்கொண்டையும், காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றமும் இவற்றோடு எண்ணத்தக்கவை. இவ்வூர்களில் நம்மவர் பெரும்பாலும் நிலமுடைய உழவர்களாக வாழ்ந்தனர். ஊரார் அவர்களை 'நயினார்' என்று அழைத்தனர். அவ்வழைப்பே பத்திரங்களிலும் பதிவாயிற்று.

பழைய ஆவணங்களைத் தேடுவோர் மாவட்ட எல்லைகள் மாறியுள்ளமையை மனத்தில் கொள்ளவேண்டும். 1989இல் திருவண்ணாமலை மாவட்டமும், 1993இல் விழுப்புரம் மாவட்டமும், 2019இல் கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை மாவட்டங்களும் தோன்றின. ஆதலால் பாட்டனார் பத்திரத்தில் 'தென்னார்க்காடு ஜில்லா' என்றிருக்கும் ஊர், பேரனின் சான்றிதழில் விழுப்புரத்திலோ கள்ளக்குறிச்சியிலோ இருத்தல் கூடும். இரண்டும் ஒரே ஊர்தான் என்பதை உணராமல், வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடலாகாது.

சோழ நாட்டில் கும்பகோணம், மன்னார்குடி, தஞ்சை, தீபங்குடி ஆகிய இடங்களிலும் நம்மவர் உள்ளனர். அங்கே வேறு பட்டங்களும் கலந்து வழங்கின. இதற்குச் சீவக சிந்தாமணிப் பதிப்பு வரலாறே சான்று. உ. வே. சாமிநாதையர் அந்நூலை ஆராய்ந்து 1887இல் வெளியிட்டார். சமண சமயக் கருத்துகளை விளக்கி அவருக்குத் துணைபுரிந்தோருள் கும்பகோணம் சந்திரநாத செட்டியாரும், வீடூர் அப்பாசாமி நயினாரும் குறிப்பிடத்தக்கவர்கள். இருவரும் ஒரே சமயத்தினர். ஒரே நூலுக்கு உதவியவர்கள். ஆயினும் ஒருவர் செட்டியார், மற்றவர் நயினார். இவையன்றி முதலியார், உடையார், தாஸ், ராவ் முதலிய பட்டங்களும் தமிழ்ச் சமணரிடையே வழங்கியுள்ளன. எனவே, ஒருவர் பெயரில் நயினார் என்பது இல்லாமையால் அவர் சமணர் அல்லர் என்று முடிவு கட்டுவது பிழை.

நயினார் என்னும் பட்டத்தை உலகறியச் செய்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் (1880-1960) ஆவார். நீலகேசியை 1936இல் பதிப்பித்தும், தமிழில் உள்ள சமண இலக்கியங்களைப் பற்றி 1941இல் ஆங்கிலத்தில் நூல் எழுதியும், குந்தகுந்தரின் நூல்களை மொழிபெயர்த்தும் அவர் ஆற்றிய தொண்டு பெரிது. பிறநாட்டு அறிஞர் பலர் இப்பட்டத்தை அவர் நூல்களின் முகப்பிலேயே முதன்முதல் கண்டிருப்பர்.

பிறரிடையே வழங்கும் நயினார்

இனி, மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். பார்கவ குலத்தாரிடையே உடையார், மூப்பனார், நயினார் ஆகிய மூன்று பட்டங்களும் உள்ளன. அவர்களும் நம்மவர் வாழும் நடுநாட்டிலேயே செறிந்து வாழ்பவர்கள். தென்கடற்கரை இசுலாமியரிடையே நயினார் என்றும் நெய்னா என்றும் பெயர் உண்டு. அரபு வரலாற்று நூல்களை ஆராய்ந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். முகம்மது உசைன் நயினாரை அறிஞர் உலகம் அறியும். நெல்லைச் சீமையில் சைவ சமயத்தாரும் நயினார் என்று பெயரிடுவர். மலையாளத்தின் வடபகுதியில் நாயனார் என்பது குடும்பப் பெயர். கேரள முதலமைச்சராக மூன்று முறை பொறுப்பு வகித்து 2004இல் மறைந்த இ. கே. நாயனார் கண்ணூர்ப் பகுதியைச் சேர்ந்தவர்.

ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நயினார்பாளையம், புதுச்சேரியில் நயினார்மண்டபம், நெல்லையில் நயினார்குளம், இராமநாதபுரம் மாவட்டத்தில் நயினார்கோவில் ஆகியவை உள்ளன. இவற்றுள் நயினார்கோவில் நாகநாதர் எழுந்தருளிய சிவத்தலம். அங்கே நயினார் என்பது இறைவனையே குறிக்கிறது. ஆதலால் நயினார் என்று தொடங்கும் ஊரெல்லாம் ஒருகாலத்தில் சமணர் ஊராக இருந்தது என்று நம்மவருள் சிலர் கூறுவது பொருந்தாது. அங்கே பழைய ஜினாலயமோ, தீர்த்தங்கரர் திருவுருவமோ, கல்வெட்டோ கிடைத்தாலன்றி, பெயரை மட்டும் வைத்து வரலாறு எழுதலாகாது.

செஞ்சி மரபும் நீறுபூசி நயினாரும்

பட்டத்திற்கும் சமயத்திற்கும் உள்ள தொடர்பு எத்துணை நெகிழ்வானது என்பதை ஒரு பழைய செவிவழிச் செய்தி காட்டுகிறது. பிரான்சிஸ் என்பார் 1906இல் வெளியிட்ட தென்னார்க்காடு மாவட்ட விவர நூலில் அது பதிவாகியுள்ளது. 1478இல் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவன் சமணரிடம் பெண் கேட்டான் என்றும், அவர்கள் இசைவது போலக் காட்டி அவனை ஏமாற்றினர் என்றும், சினங்கொண்ட அவன் சமணர் தலைகளைக் கொய்ய ஆணையிட்டான் என்றும் அம்மரபு கூறும். சிலர் மாண்டனர், சிலர் ஊரை விட்டு ஓடினர், சிலர் திருநீறு பூசிச் சைவராயினர், சிலர் மறைவாகத் தம் சமயத்தைப் போற்றினர். தாயனூரைச் சேர்ந்த கங்கய்ய உடையார் என்பவர் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்து, பின்னர்ச் சிரவணபெளகொளாவிற்குச் சென்று வீரசேனாசாரியரை அழைத்து வந்தார். சிதறிய மக்கள் பலர் மீண்டும் சமணராயினர் என்பது அம்மரபின் முடிவு.

இது ஒரு மரபுச் செய்தி. ஆண்டையும் அரசன் பெயரையும் கல்வெட்டுச் சான்று போலக் கொள்ளவேண்டுவதில்லை. நம் ஆய்வுக்கு வேண்டுவது வேறு. திருநீறு பூசிச் சைவராகி, அப்படியே நின்றுவிட்டவர்களின் வழியினரை இப்பகுதியில் 'நீறுபூசி நயினார்' என்றும் 'நீறுபூசி வேளாளர்' என்றும் வழங்கினர். சமயத்தை விட்டவர்களிடம் நயினார் பட்டம் தங்கிற்று. சமயத்தை மீட்டவர் என்று போற்றப்படுபவரோ உடையார் என்னும் பட்டம் உடையவர். ஆகவே, பட்டத்தைக் கொண்டு சமயத்தையும், சமயத்தைக் கொண்டு பட்டத்தையும் துணிதல் இயலாது என்பது இங்கே தெளிவாகிறது.

பட்டம் அருகிய காரணம்

1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. அதன்பின் தமிழ்நாடெங்கும் முதலியார், பிள்ளை, செட்டியார் முதலியன படிப்படியாக மறைந்தன. நயினாரும் அவற்றோடு சென்றது. பள்ளிப் பதிவேட்டில் தந்தையின் பெயரெழுத்தும் தன் பெயருமே போதுமானவையாயின. உயர்த்தல் தாழ்த்தல் கருதிச் சூட்டும் பட்டம் ஒழிந்தமை நன்றே. பிறப்பால் பெருமை இல்லை என்பது நம் அறத்திற்கும் உடன்பாடு.

ஆயினும் வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் குடும்பப் பெயர் இன்றியமையாததாயிற்று. அங்கே நம் இளைஞருட் சிலர் தந்தையின் பெயரையும், சிலர் 'ஜெயின்' என்பதையும் எழுதுகின்றனர். 'ஜெயின்' என்பது சமயத்தைத் தெளிவாகக் காட்டும். ஆனால் தமிழ் மண்ணில் பிறந்த சமணர் என்பதைக் காட்டாது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கில் தமிழ்நாட்டுச் சமணர் 89,265 பேர். வணிகத்தின் பொருட்டு வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்களும் இத்தொகையில் அடங்குவர். கணக்கேடு இரு சாராரையும் பிரித்துக் காட்டுவதில்லை. சிறிய சமூகமாகிய நாம் நம் பெயரையும் ஊரையும் எழுதி வையாமற் போனால், வேறு எவரும் அதனை நமக்காக எழுதி வைக்கமாட்டார்.

செய்யத்தக்கவை

பட்டத்தை மீண்டும் சூடிக்கொள்ளுங்கள் என்று நாம் வற்புறுத்தவில்லை. கடவுச்சீட்டில் நயினார் என்றோ, ஜெயின் என்றோ, தந்தையின் பெயரையோ எழுதுவது அவரவர் விருப்பம். ஆனால் எதை எழுதினாலும் பள்ளிச் சான்றிதழ், ஆதார் அட்டை, கடவுச்சீட்டு ஆகிய அனைத்திலும் ஒரே முறையில் இருத்தல் வேண்டும். அண்ணன் ஒன்றும் தம்பி ஒன்றுமாக எழுதினால், சொத்துப் பங்கீட்டிலும் வாரிசுச் சான்றிலும் வீண் இடர்ப்பாடு நேரும்.

இதனினும் முதன்மையானது குடும்பக் குறிப்பு எழுதுதல். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து செய்திகளைக் குறித்தால் போதும். ஒன்று, தந்தை வழியில் அறிந்த வரையில் முன்னோர் பெயர்களைப் பத்திரத்தில் உள்ள பட்டத்தோடு எழுதுதல். இரண்டு, பூர்வீக ஊரும் அவ்வூர் ஜினாலயத்தின் மூலவர் பெயரும். மூன்று, தாயாரும் பாட்டிமாரும் பிறந்த ஊர்கள். பட்டம் ஆண்களின் பெயரோடு மட்டும் நின்றமையால் பெண் வழிச் செய்தியே முதலில் மறைகிறது. ஆகவே இதனைத் தவறாது கேட்டு எழுதுக. நான்கு, ஊரை விட்டுப் பெயர்ந்த காலமும் சென்ற இடமும். ஐந்து, இவற்றிற்குச் சான்றாகிய பத்திரம், பழைய திருமணப் பத்திரிகை, ஆலயத் திருப்பணியில் பெயர் பொறித்த கல் ஆகியவை இருக்கும் இடம்.

இங்ஙனம் எழுதும்போது ஊரும் பெயரும் இணைந்தே நிற்கவேண்டும். வெறும் 'அப்பாசாமி நயினார்' என்றால் அவர் எவரும் ஆகலாம். 'வீடூர் அப்பாசாமி நயினார்' என்றதனால் நூறாண்டுக்கு மேல் சென்றும் அவரை இன்னார் என அடையாளம் காண்கிறோம். எண்பது வயதைக் கடந்த பெரியோர் பலர் இன்றும் நம் இல்லங்களில் உள்ளனர். அவர்கள் நினைவிலுள்ள பெயர்களுள் பல எந்தப் பத்திரத்திலும் இல்லை. வரும் விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் அருகில் அமர்த்தி, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதச் செய்யுங்கள்.